ஐந்து மாத ஓசோன் அளவுகள்: இடைநிலைகளை ஒப்பிட்ட ஒரு பயிற்சி அறிக்கை

பின்னணி

பிஎச்.டி. மாணவர்களுக்கான ஆராய்ச்சி முறையியல் பயிற்சி ஒன்றில் புள்ளியியல் செய்முறை வகுப்பை நான் நடத்தி வந்தேன். வந்திருந்தவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்து, இரண்டு பக்க அறிக்கை எழுதச் சொல்வது வழக்கம். இங்கே பதிவு செய்வது அப்படி ஒரு குழுவுக்கு நடந்ததை. குழுவில் சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பவர் ஒருவர், செவிலியர் கல்வியிலிருந்து ஒருவர், மீன்வளத்திலிருந்து ஒருவர், வணிகவியலிலிருந்து ஒருவர். நால்வருமே கணக்கில் பயம் இல்லாதவர்கள், கேள்வி கேட்கத் தயங்காதவர்கள். தவறு கவனக்குறைவால் வரவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அவர்களுக்குக் கொடுத்தது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு வரும் 'ஏர்குவாலிட்டி' என்ற தரவு. 1973-ஆம் ஆண்டு மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நியூயார்க்கில் 153 நாட்களுக்கு எடுத்த காற்று அளவீடுகள். அதில் ஓசோன் என்பது ரூஸ்வெல்ட் தீவில் பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே பதிவானதன் சராசரி. அலகு பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. கேள்வி எளிமையானது: மாதத்துக்கு மாதம் ஓசோன் அளவு மாறுகிறதா? மாறினால் எந்த மாதங்களுக்கு இடையே?

தரவு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக் கூடியது. கீழே வரும் ஒவ்வொரு எண்ணையும் வாசிப்பவர் தானே போட்டுச் சரிபார்க்கலாம்.

முதல் வரைவில் இருந்தது

இரண்டாம் நாள் மாலை குழு முதல் வரைவைக் கொடுத்தது. அவர்கள் சென்ற வழி இது. ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் போட்டிருந்தார்கள். அப்புறம் இயல்நிலைப் பரவல் (மணி வடிவில் அமையும் பரவல்) இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று முடிவு செய்து, சராசரிகளை ஒப்பிடும் அனோவாவை விட்டுவிட்டுக் குருஸ்கல்-வாலிஸ் சோதனைக்குப் போயிருந்தார்கள். வில்லியம் குருஸ்கலும் ஆலன் வாலிஸும் 1952-இல் வெளியிட்ட சோதனை அது. எல்லா எண்களையும் ஒன்றாகக் கொட்டி, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசை எண் கொடுத்து, ஒவ்வொரு குழுவின் சராசரி வரிசை எண்ணும் தற்செயலாக இவ்வளவு விலகியிருக்குமா என்று கேட்பது.

விடை: சோதனை மதிப்பு 29.27, பி மதிப்பு (மாதங்களுக்குள் வேறுபாடே இல்லையென்றால் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.0000069. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதன் கீழே இடைநிலையைப் பற்றி (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) எழுதியிருந்த வாக்கியம் இது: "ஐந்து மாதங்களின் ஓசோன் இடைநிலைகளும் ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபடுகின்றன என நிரூபிக்கப்பட்டது."

அடுத்து, எந்த மாதம் எதிலிருந்து மாறுபடுகிறது என்று காண, இரண்டிரண்டு மாதங்களாக எடுத்துப் இரண்டு குழுக்களை வரிசை எண் வைத்து ஒப்பிடும் மான்-விட்னி சோதனையைப் பத்து முறை தனித்தனியாகப் போட்டு, பி மதிப்பு வழக்கமான வரம்பான 0.05-க்குக் கீழே வந்த ஒவ்வொன்றுக்கும் 'வேறுபாடு உண்டு' என்று குறித்திருந்தார்கள்.

படித்து முடித்ததும் சுற்றுச்சூழல் மாணவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஜூன் மாத இடைநிலை எவ்வளவு? செப்டம்பருடையது எவ்வளவு?"

அவர் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். "ரெண்டுமே 23 சார்" என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப 'ஐந்தும் ஒன்றுக்கொன்று' என்று எழுதினது தப்பு" என்றார்.

இடைநிலைகளை ஒப்பிட்டதாகச் சொல்லும் அறிக்கையில் இடைநிலைகளே எங்கும் இல்லை. சராசரிதான் இருந்தது. மற்றவை எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் அவிழ்ந்தன.

மூன்றாம் நாள்: தரவுக்குத் திரும்பியது

சோதனைகளை ஓரமாக வைத்துவிட்டு, மாதவாரியாக எண்களைத் தாளில் எழுதச் சொன்னேன். அவர்கள் எழுதியது:

மே: 26 அளவீடுகள், இடைநிலை 18
ஜூன்: 9 அளவீடுகள், இடைநிலை 23
ஜூலை: 26 அளவீடுகள், இடைநிலை 60
ஆகஸ்ட்: 26 அளவீடுகள், இடைநிலை 52
செப்டம்பர்: 29 அளவீடுகள், இடைநிலை 23

ஜூனில் ஏன் ஒன்பது மட்டும்? 153 நாட்களில் 37 நாட்களுக்கு ஓசோன் அளவே பதிவாகவில்லை. அந்த 37-இல் 21 ஜூன் மாதத்துக்குரியவை. மென்பொருள் விடுபட்டவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டுவிட்டது. அறிக்கையில் '153 நாட்களின் தரவு' என்று இருந்தது. சோதனைக்குள் போனது 116.

மே மாதத்தைப் பார்த்தபோது இன்னொன்று கிடைத்தது. மே 30 அன்று மட்டும் அளவு 115. அந்த மாதத்தில் அதற்கு அடுத்த பெரிய எண் 45 தான். அந்த ஒரு நாளைச் சேர்த்தால் மாதச் சராசரி 23.6, எடுத்துவிட்டால் ஏறக்குறைய 20. இடைநிலையோ இரண்டு வகையிலும் 18 தான். செவிலியர் கல்வி மாணவி, "இதனாலதான் நோயாளி எத்தனை நாள் தங்கினார் என்பதற்கு எங்க வார்டில் இடைநிலை போடச் சொல்றாங்க போல" என்றார். ஆமாம், அதே காரணம்தான். இடைநிலை வேண்டும் என்று குழு நினைத்தது சரியான எண்ணமே. அதற்கு எடுத்த கருவியைப் பற்றிய புரிதலில்தான் ஓட்டை.

பின்பு கால்மானங்களை (வரிசையை நான்கு சம பங்காக வெட்டும் எண்களை) போட்டோம். மே மாதத்தில் நடுப் பாதி எண்கள் 11-இலிருந்து 31.5 வரை இருந்தன. செப்டம்பரில் 16-இலிருந்து 36 வரை. ஜூலையில் 36.25-இலிருந்து 79.75 வரை. ஆகஸ்ட்டில் 28.75-இலிருந்து 82.5 வரை. அதாவது நடுப் பாதியின் அகலம் மே, செப்டம்பரில் 20 சொச்சம், ஜூலையில் 43.5, ஆகஸ்ட்டில் 53.75. நடுப் பாதியைப் பெட்டியாகக் காட்டும் பாக்ஸ் பிளாட் வரைந்தால் இரண்டு குட்டைப் பெட்டிகளும் இரண்டு நெட்டைப் பெட்டிகளும் தெரியும்.

இந்தப் பெட்டி உயரம் ஏன் முக்கியம் என்பதை விளக்க நேரம் எடுத்துக்கொண்டேன். இந்த நிகழ்வின் மையம் அதுதான்.

குருஸ்கல்-வாலிஸ் எதைச் சோதிக்கிறது

கரும்பலகையில் இரண்டு சிறு குழுக்களை எழுதினேன்.

முதல் குழு: 1, 2, 10, 11, 12
இரண்டாம் குழு: 8, 9, 10, 20, 21

இரண்டுக்கும் இடைநிலை 10. இப்போது முதல் குழுவிலிருந்து ஓர் எண்ணையும் இரண்டாவதிலிருந்து ஓர் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், எது பெரிதாக இருக்கும்? 25 இணைகள் உண்டு. சமமாக வரும் இணையைப் பாதி என்று வைத்து எண்ணினால், 16.5 இணைகளில் இரண்டாவது குழு பெரிது. அதாவது நூற்றுக்கு 66. இடைநிலை ஒன்றாகவே இருக்க, ஒரு குழு மற்றதைவிட மேலே சாய்ந்திருக்கிறது. வரிசை எண்களை வைத்து வேலை செய்யும் சோதனைக்குத் தெரிவது இந்தச் சாய்வுதான். எண்கள் இன்னும் நிறைய இருந்து சாய்வு இப்படியே தொடர்ந்தால், பி மதிப்பு 0.05-க்குக் கீழே போய்விடும். இடைநிலைகள் அப்போதும் சமமாகவே இருக்கும்.

ஆகவே குருஸ்கல்-வாலிஸின் இன்மைக் கருதுகோள் (சோதனை மறுக்கப் பார்க்கும் தொடக்க அனுமானம்) 'எல்லாக் குழுக்களும் ஒரே பரவலிலிருந்து வந்தவை' என்பது. அதை மறுத்தால் கிடைக்கும் செய்தி, 'ஏதோ ஒரு குழுவாவது மற்றொன்றைவிடப் பெரிய மதிப்புகளின் பக்கம் சாய்ந்திருக்கிறது' என்பது. அதை 'இடைநிலை வேறுபடுகிறது' என்று மொழிபெயர்க்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு: குழுக்களின் வடிவமும் பரவலும் ஒரே மாதிரி இருந்து, இடம் மட்டும் தள்ளியிருக்க வேண்டும். ஒரே சட்டையை ஐந்து ஆணிகளில் வேறு வேறு உயரத்தில் மாட்டியது போல. ஜூலை, ஆகஸ்ட் பெட்டிகள் மே மாதத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்டிருக்கும்போது அந்த நிபந்தனை நிற்காது.

இன்னொரு விஷயமும் அங்கே வெளிவந்தது. ஒட்டுமொத்தச் சோதனை 'எல்லாம் சமம் இல்லை' என்று மட்டும் சொல்லும். 'எல்லாமே வேறு வேறு' என்று ஒருபோதும் சொல்லாது. முதல் வரைவின் வாக்கியம் இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே தாவலில் தாண்டியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: கேள்வி உண்மையிலேயே இடைநிலையைப் பற்றியது என்றால், இடைநிலைக்கான சோதனையையே போட்டுப் பார்ப்பது. மூட் இடைநிலைச் சோதனை எளிமையானது. 116 எண்களுக்கும் பொதுவான இடைநிலை 31.5. ஒவ்வொரு மாதத்திலும் அதற்கு மேலே எத்தனை நாள் என்று எண்ணினால் போதும். குழுவினர் விரல்விட்டே எண்ணினார்கள். மே 26-இல் 7, ஜூன் 9-இல் 3, ஜூலை 26-இல் 21, ஆகஸ்ட் 26-இல் 18, செப்டம்பர் 29-இல் 9. மொத்தம் 58, சரியாகப் பாதி. மாதங்களுக்குள் வேறுபாடு இல்லையென்றால் ஒவ்வொரு மாதத்திலும் பாதி நாட்கள் மேலே இருந்திருக்க வேண்டும். எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து உண்மை எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கை-வர்க்கக் கணக்கில் மதிப்பு 24.4, பி மதிப்பு ஏறத்தாழ 0.00007. ஜூனில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 4.5 என்பதால், ஐந்துக்குக் குறையக் கூடாது என்ற வழக்கமான வரம்பைச் சற்றே மீறுகிறது, அதையும் குறித்துக்கொண்டோம்.

வணிகவியல் மாணவர் இங்கே நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். "அப்ப எப்பவும் மூட் சோதனையே போட்டுடலாமே சார், குருஸ்கல்-வாலிஸ் எதுக்கு?" மூட் சோதனை ஒவ்வோர் எண்ணையும் 'மேலே, கீழே' என்ற இரண்டு பெட்டிகளில் போட்டுவிட்டு மீதித் தகவலையெல்லாம் வீசிவிடுகிறது. 32-உம் 168-உம் அதற்கு ஒன்றுதான். தரவு இயல்நிலைப் பரவலாக இருந்தால், அனோவாவோடு ஒப்பிட மூட் சோதனையின் திறன் (உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில்) பெரிய மாதிரிகளில் ஏறக்குறைய 64 விழுக்காடு. குருஸ்கல்-வாலிஸின் திறன் 95 விழுக்காட்டுக்கும் சற்று மேல். சின்ன மாதிரிகளில் மூட் சோதனை பல உண்மையான வேறுபாடுகளைக் காணாமலே விட்டுவிடும். எனவே இரண்டையும் வைத்துக்கொண்டோம். ஒன்று 'எந்தப் பக்கம் சாய்கிறது' என்பதற்கு, மற்றது 'நடுப்புள்ளி நகர்ந்ததா' என்பதற்கு. ஒவ்வொன்றின் கீழேயும் அது சொல்வதை மட்டும் எழுதுவது என்று தீர்மானித்தோம்.

இரண்டாம் முடிவு: பத்து மான்-விட்னி சோதனைகளை நீக்கியது. பத்தும் தனித்தனிச் சோதனைகளாக இருந்தால், வேறுபாடே இல்லாத தரவிலும் ஏதாவது ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு. மேலும் மான்-விட்னி ஒவ்வொரு முறையும் இரண்டு மாதங்களுக்கு மட்டும் புதிதாக வரிசை எண் கொடுக்கிறது. ஒட்டுமொத்தச் சோதனை பயன்படுத்திய வரிசைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அதற்குப் பதிலாக ஆலிவ் ஜீன் டன் 1964-இல் கொடுத்த முறையை எடுத்துக்கொண்டோம். அது 116 எண்களின் பொது வரிசையையே வைத்துக்கொள்கிறது. மாதங்களின் சராசரி வரிசை எண்: மே 36.7, ஜூன் 48.7, ஜூலை 77.9, ஆகஸ்ட் 75.2, செப்டம்பர் 48.7.

திருத்தம் எதுவும் செய்யாமல் பார்த்தால் ஆறு இணைகள் 0.05-க்குக் கீழே வந்தன. பல சோதனைகளைச் சேர்த்துப் போடும்போது வரம்பை இறுக்கும், 1979-இல் வந்த ஹோம் திருத்தத்தைப் போட்டதும் நான்கு நின்றன: மே-ஜூலை, மே-ஆகஸ்ட், ஜூலை-செப்டம்பர், ஆகஸ்ட்-செப்டம்பர். விழுந்தவை இரண்டும் ஜூனோடு சேர்ந்தவை.

இங்கே மீன்வள மாணவர் "ஜூனுக்கும் ஜூலைக்கும் வேறுபாடு இல்லை" என்று எழுதப் போனார். நிறுத்தினேன். ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடைநிலை ஒன்று, சராசரி வரிசை எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படியிருக்க ஜூலை-செப்டம்பர் நிற்கிறது, ஜூலை-ஜூன் விழுகிறது. ஒரே காரணம், செப்டம்பரில் 29 நாள், ஜூனில் 9 நாள். இல்லாதது வேறுபாடா, தரவா என்று இந்த ஒன்பது எண்களை வைத்துச் சொல்ல முடியாது. 'ஜூனைப் பற்றி முடிவு கூறப் போதிய அளவீடுகள் இல்லை' என்று எழுதச் சொன்னேன்.

மூன்றாம் முடிவு: பி மதிப்போடு நிறுத்தாமல், வேறுபாடு எவ்வளவு என்று சொல்வது. மே மாதத்து ஒரு நாளையும் ஜூலை மாதத்து ஒரு நாளையும் எடுத்தால், 676 இணைகளில் 566.5-இல் ஜூலை நாளின் ஓசோன் அதிகம். நூற்றுக்கு 84. இடைநிலைகளின் இடைவெளி 42 பிபிபி. வாசிப்பவருக்குப் புரிவது இந்த இரண்டு எண்களும்தான், 0.0000069 யாருக்கும் ஒரு காட்சியையும் தராது.

எதிர்பாராமல் கிடைத்தது: நாட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை

நான்காம் நாள் காலை சுற்றுச்சூழல் மாணவி எல்லோருக்கும் முன்பே வந்திருந்தார். தரவை நாள் வரிசைப்படி அச்செடுத்து, சில எண்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். ஆகஸ்ட் 28 முதல் 31 வரை: 76, 118, 84, 85. செப்டம்பர் 1 முதல் 4 வரை: 96, 78, 73, 91. அப்புறம் 5-ஆம் தேதி 47, அடுத்த நாள் 32, அதற்கடுத்த நாள் 20.

"இது செப்டம்பர் இல்ல சார், ஆகஸ்ட்டோட வால்" என்றார்.

அவர் சொன்னது மிகச் சரி. செப்டம்பரில் பொது இடைநிலைக்கு மேலே இருந்த 9 நாட்களில் நான்கு இவை. ஓசோன் வெயிலிலும் வெப்பத்திலும் உருவாவது. தேங்கி நிற்கும் சூடான காற்று நாலைந்து நாள் தொடரும். அத்தனை நாளும் ஓசோன் கூடவே இருக்கும். நேற்றைய அளவு தெரிந்தால் இன்றையதைப் பாதி ஊகித்துவிடலாம். ஆனால் குருஸ்கல்-வாலிஸ், மூட், டன், மான்-விட்னி எல்லாமே ஓர் அளவீடு மற்றதைச் சாராதது என்று எடுத்துக்கொண்டுதான் பி மதிப்பைத் தருகின்றன. இயல்நிலைப் பரவல் வேண்டாம் என்று சொன்னதும், வேறு நிபந்தனையே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இப்படி இயல்நிலைப் பரவலைக் கேட்காத பண்பளவை சாராச் சோதனைகள் பரவலின் வடிவத்தில்தான் தாராளம் காட்டுபவை. சார்பின்மையில் அனோவாவைப் போலவே கண்டிப்பானவை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை அன்று வகுப்பில் எடுக்க நான் திட்டமிட்டிருக்கவில்லை. அவர் கொண்டுவந்த தாள்தான் எடுக்க வைத்தது.

என்ன செய்வது என்று பேசினோம். நேரத் தொடருக்கான முறைகள் இந்தப் பயிற்சியின் எல்லைக்கு வெளியே. அதனால் ஒரு முரட்டு வழியை எடுத்தோம். ஒவ்வொரு மாதத்தின் முதல் 28 நாட்களை நான்கு வாரங்களாக வெட்டி, வாரத்துக்கு ஓர் இடைநிலை. ஜூனில் முதல் ஆறு நாளும் கடைசிப் பத்து நாளும் முழுக்க வெற்று என்பதால் அதை விட்டுவிட்டோம். மீதி நான்கு மாதங்களுக்குக் கிடைத்தவை:

மே: 25.5, 12.5, 14, 17
ஜூலை: 56.5, 85, 48, 80
ஆகஸ்ட்: 39, 65, 27, 73
செப்டம்பர்: 73, 23, 16, 18.5

செப்டம்பரின் முதல் வாரம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. இந்தப் பதினாறு எண்களில் குருஸ்கல்-வாலிஸ் போட்டால் மதிப்பு 9.26, பி மதிப்பு ஏறக்குறைய 0.026. முதலில் வந்தது 0.0000069. ஜூனை விட்டுவிட்டதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது என்பது உண்மை. நான்கு எண் கொண்ட குழுக்களுக்குக் கை-வர்க்கத் தோராயம் அவ்வளவு துல்லியமும் இல்லை. வாரங்களும் ஒன்றையொன்று முழுக்க விட்டுவிடுவதில்லை. ஆனாலும் முடிவின் திசை மாறவில்லை. அதன் உறுதி மட்டும் எவ்வளவோ இறங்கியிருந்தது. 116 தகவல்கள் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் அவ்வளவு இல்லை.

விளைவு

குழு கடைசி நாளன்று கொடுத்த அறிக்கை இரண்டு பக்கத்துக்கும் குறைவு. சராசரி அட்டவணை போய், மாதவாரியாக அளவீடுகளின் எண்ணிக்கை, இடைநிலை, கால்மானங்கள் வந்திருந்தன. பாக்ஸ் பிளாட்டின் மேல் ஒவ்வொரு நாளின் அளவும் புள்ளியாக வைக்கப்பட்டிருந்தது. முடிவுப் பகுதியை அப்படியே தருகிறேன்:

"ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் ஓசோன் அளவுகள் மே, செப்டம்பர் மாதங்களைவிட உயர்ந்த பக்கம் சாய்ந்துள்ளன; பொது இடைநிலையைத் தாண்டிய நாட்களின் பங்கும் அம்மாதங்களில் கூடுதல். மாதங்களின் பரவல் சமமாக இல்லாததால், குருஸ்கல்-வாலிஸ் முடிவை இடைநிலை வேறுபாடு என்று நாங்கள் கூறவில்லை. அடுத்தடுத்த நாட்களின் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளதால், நாள்வாரிப் பி மதிப்புகள் உண்மையைவிடச் சிறியவை எனக் கொள்ள வேண்டும். ஜூன் பற்றிக் கூற 9 அளவீடுகள் போதா."

முதல் வரைவைவிடக் குறைவாகத்தான் சொல்கிறது. ஆனால் இதில் ஒரு வரியையும் தேர்வாளர் யாரும் அசைக்க முடியாது. நான் அந்தப் பயிற்சியில் பெற்ற அறிக்கைகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

சில வாரங்கள் கழித்து சுற்றுச்சூழல் மாணவி தன் சொந்த ஆய்வுத் திட்டத்தோடு வந்தார். சாலையோரம் மூன்று இடங்களில் காற்றுத் தூசு அளப்பது அவர் வேலை. மூன்று இடங்களிலும் ஒரே நாட்களில், தொடர்ந்து தினமும் அளந்து, குருஸ்கல்-வாலிஸ் போடுவதாகத் திட்டத்தில் எழுதியிருந்தார். வழிகாட்டியும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். "இதுலயும் அதே பிரச்சினை இருக்கு இல்லையா சார்?" என்று கேட்டபடியே உட்கார்ந்தார்.

இருந்தது, அதுவும் இரண்டு மடங்காக. நாட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதோடு, ஒரே நாளில் எடுத்த மூன்று இடத்து அளவுகளும் அந்த நாளின் காற்றையும் மழையையும் பகிர்ந்துகொள்பவை. மூன்றும் தனித்தனிக் குழுக்கள் அல்ல. நாளை ஒரு கட்டாக வைத்து, அந்தக் கட்டுக்குள் மூன்று இடங்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை கொடுக்கும் ஃப்ரீட்மன் சோதனைதான் இதற்குப் பொருந்தும். பின்னாளில் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற மில்டன் ஃப்ரீட்மன் 1937-இல் வகுத்தது அது. தினசரி அளவீட்டையும் மாற்றினோம். நம் நாட்டுக் காற்றுத் தரக் கண்காணிப்பில் வாரம் இரண்டு நாள் என்று ஆண்டுக்கு 104 அளவீடுகள் எடுக்கும் வழக்கம் உண்டு. அதை மனதில் வைத்து, தொடர்ச்சியாக இரண்டு மாதம் அளப்பதற்குப் பதில், வாரத்துக்கு ஒரு நாள் வீதம் ஓர் ஆண்டு முழுவதும் அளப்பது என்று அவர் திட்டத்தைத் திருத்திக்கொண்டார். கருவி வாடகையும் அலைச்சலும் கூடின. வழிகாட்டி முதலில் யோசித்தார், காரணத்தைக் கேட்டதும் சரி என்றார். தரவு எடுக்கும் முன்பே இது நடந்தது பெரிய நல்லது. எடுத்து முடித்த பிறகு இந்தக் குறையைச் சோதனையை மாற்றி மட்டும் சரிசெய்வது கடினமாகியிருக்கும்.

என் பக்கம் மாற்றியவை

முதல் வரைவின் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். என் சொந்தக் கையேட்டிலிருந்துதான் வந்திருந்தது. அதில் நானே போட்டிருந்த அட்டவணையில், 'இயல்நிலை இல்லை, இரண்டுக்கு மேற்பட்ட குழுக்கள்' என்ற வரிக்கு எதிரே 'குருஸ்கல்-வாலிஸ்: இடைநிலைகளை ஒப்பிட' என்று இருந்தது. பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், நானும் எழுதிவிட்டேன். நால்வரும் நான் சொன்னதைத்தான் நம்பிக்கையோடு செய்தார்கள்.

அந்த வரியை இப்போது மாற்றியிருக்கிறேன். அட்டவணையின் முதல் பத்தியில் சோதனையின் பெயரோ தரவின் வடிவமோ இல்லை, கேள்வி இருக்கிறது. 'ஒரு குழுவின் மதிப்புகள் மற்றதைவிட மேலே சாய்கின்றனவா?' என்பது ஒரு வரி. 'நடுப்புள்ளி நகர்ந்ததா?' என்பது வேறு வரி. 'ஒரே ஆளிடம் அல்லது ஒரே நாளில் பல அளவீடுகளா?' என்பது மூன்றாவது. இயல்நிலைச் சோதனையைக் கையேட்டின் முதல் படியிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இருப்பது: எத்தனை அளவீடு வந்தது, எத்தனை விடுபட்டது, எந்த வரிசையில் எடுக்கப்பட்டது.

இந்தத் தரவை இன்றும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். ஒரு வேறுபாடு, கோப்பைக் கொடுக்கும் முன் ஜூன் மாதத்தை நானே கரும்பலகையில் கட்டம் கட்டமாக எழுதிவிடுகிறேன். ஆறு வெற்றுக் கட்டங்கள், 29, ஒரு வெற்று, 71, 39, இரண்டு வெற்று, 23, மறுபடி இரண்டு வெற்று, 21, 37, 20, 12, 13. பிறகு பத்து வெற்றுக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தைப் போட்டு முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து யாராவது ஒருவர், "இதுக்கு எப்படி சார் இடைநிலை போடறது?" என்று கேட்டுவிடுகிறார். வகுப்பை அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.